உப்பைத் தின்ற வண்டி

மூன்றாம் ஆண்டு, வேதியியல்

‘உப்பைத் தின்றவன் தண்ணீர் குடிப்பான்; தப்பைச் செய்தவன் தண்டனை பெறுவான்’ என்பது நம் நாட்டுப் பழமொழி. இதன் முற்பாதி, உப்பளத்தூராகிய மரக்காணத்தில் பிறந்த எனக்கு அன்றாட அனுபவம். பிற்பாதி, என் சித்தப்பாவின் காருக்கு மெருகேற்றப் போய் நானே தேடிக்கொண்ட அனுபவம். இவ்விரண்டையும் நண்பர்களுக்கும் பேராசிரியப் பெருமக்களுக்கும் எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இக்காலத்தில் நம் மாணவ நண்பர்களிடையே புதியதொரு பொழுதுபோக்கு பரவி வருகிறது. காரையோ மோட்டார் சைக்கிளையோ வீட்டு வாசலில் நிறுத்தி, மின்பொறியால் தேய்த்துக் கண்ணாடி போல ஆக்குவதே அது. நான் இதை வேண்டாமென்று சொல்ல வரவில்லை. கற்றுக்கொள்ள வேண்டிய கலை என்றே சொல்வேன். ஆனால் பொறியை வாங்குவதில் அதைத் தொடங்கக் கூடாது. ஒரு வாளித் தண்ணீரில் தொடங்க வேண்டும் என்பதே என் கட்சி.

உமணரும் நாமும்

மரக்காணம் பழம்பெரும் ஊர். சிறுபாணாற்றுப்படை கூறும் எயிற்பட்டினம் இதுவே என்பது அறிஞர் பலரின் கருத்து. இன்று கிழக்குக் கடற்கரைச் சாலையில் சென்னையிலிருந்து புதுவைக்குச் செல்வோர், இங்கே சாலையோரத்தில் வெண்மையான உப்புக் குவியல்களைக் காணாமல் செல்ல முடியாது.

சங்க காலத்தில் இத்தகைய நெய்தல் நிலத்து உப்பை உள்நாட்டுக்கு வண்டியில் ஏற்றிச் சென்றவர்கள் உமணர்கள். மேடு பள்ளத்தில் அச்சு முறியக்கூடும் என்றெண்ணி, வண்டியின் அடியில் மாற்று அச்சு ஒன்றைக் கட்டிக்கொண்டு போனார்கள் என்று ஒளவையார் புறநானூற்றில் பாடியிருக்கிறார். உப்போடு பிழைத்தவர்கள் வண்டியின் மேல்தோற்றத்தைப் பார்க்கவில்லை, அடிப்பாகத்தைப் பார்த்தார்கள். அவர்கள் அறிந்திருந்ததை அவர்கள் வழிவந்த நான் மறந்தேன். அதுவே என் முதற்பிழை.

நடந்தது என்ன?

என் தந்தையார் உப்பளத்தில் உப்பு வாரும் தொழிலாளி. சித்தப்பா வாடகைக் கார் ஓட்டுகிறார். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுவைக்கருகே கரையைக் கடந்தபோது எங்கள் பகுதி உப்பளங்கள் வெள்ளத்தில் மூழ்கின. பாத்திகளைச் சீர்செய்து மீண்டும் உப்பு வாருகிற வரையில் அப்பாவுக்குச் சரியான வேலை இல்லை. இரண்டு குடும்பங்களும் அந்தக் கருநீலக் காரை நம்பியே நின்றன.

வீட்டிற்கு உதவ வேண்டும் என்ற ஆசை எனக்கு. நாள்தோறும் விடியற்காலையில் எழுந்து, உலர்ந்த பனியன் துணியால் காரைத் துடைத்துப் பளிச்சென்று வைப்பேன். சித்தப்பாவும் மகிழ்ந்தார். சில மாதங்கள் சென்றபின் வெயிலில் நிறுத்திப் பார்த்தால், பானெட் முழுவதும் சிலந்தி வலை பின்னியது போல வட்ட வட்டமாக நுண்கீறல்கள்! அவற்றைப் போக்குவதற்கென்று தெரிந்த டிங்கர் கடை ஒன்றில் சுழலும் பாலிஷ் பொறியை ஒருநாள் இரவல் வாங்கி வந்தேன். அடுத்த நாள் சித்தப்பாவுக்கு முகூர்த்தச் சவாரி. மணமக்கள் அமரும் வண்டி மின்ன வேண்டாமா?

நடுப்பகுதி நன்றாகவே வந்தது. அந்த மயக்கத்தில் பானெட்டின் மடிப்பு விளிம்பில் பொறியை அழுத்தினேன். சில நொடிகள்தாம். நீலம் மறைந்து சாம்பல் நிறம் தோன்றியது. பதறிப்போய் மீண்டும் தேய்க்க, ஓர் ஐந்து ரூபாய் நாணயத்தின் அளவுக்கு இரும்புத் தகடே வெளியே தெரிந்தது.

சித்தப்பா வந்து பார்த்தார். வையவில்லை. ‘‘போனது போகட்டும்டா. இனிமே கைய வைக்கிறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை கேளு’’ என்றார். மறுநாள் மணமக்கள் காருக்குக் கட்டிய பூச்சரம் அந்த இடத்தை மறைத்தது. ஆனால் பூச்சரம் கடற்காற்றைத் தடுக்குமா? இரண்டு வாரத்தில் அவ்விடம் செந்துருவாயிற்று. பானெட்டைப் பெயிண்ட் அடிக்க விட்டபோது மூன்று நாள் சவாரியும் போயிற்று. பெயிண்ட் கூலியும் போயிற்று. வேலையில்லாத காலத்தில் அது எங்களுக்குச் சிறு தொகையன்று.

பின்னர் சிந்தித்துப் பார்த்தபோதுதான் முழு உண்மையும் விளங்கிற்று. நான் பொறி கொண்டு போக்க முயன்ற கீறல்கள், நானே விடியற்காலைதோறும் பனியன் துணியால் போட்டவை!

மெருகு கூட்டலா, கழித்தலா?

மெருகேற்றுதல் என்றதும் ஏதோ ஒன்றைப் பூசிப் பளபளப்பைச் சேர்ப்பதாகவே நாம் நினைக்கிறோம். ‘ஏற்றுதல்’ என்னும் சொல்லே நம்மை ஏமாற்றுகிறது. உண்மையில் அது கழித்தல். கீறல் என்பது ஒரு பள்ளம். பள்ளத்தை யாரும் நிரப்புவதில்லை. பள்ளத்தைச் சுற்றியுள்ள மேட்டைத் தேய்த்துத் தாழ்த்துகிறோம். மேற்பரப்பு சமமானதும் ஒளி சிதறாமல் திரும்புகிறது. நம் கண்ணுக்குப் பளபளப்பாகத் தோன்றுகிறது.

தேய்ப்பதற்கு எவ்வளவு இருக்கிறது? இக்காலக் காரின் தகட்டின்மேல் துருத்தடுப்புப் பூச்சு, பிரைமர், நிறப்பூச்சு, அனைத்திற்கும் மேலாக நிறமற்ற ‘கிளியர் கோட்’ என்று பல அடுக்குகள் உள்ளன. எல்லாம் சேர்ந்தே பெரும்பாலும் 100 முதல் 150 மைக்ரான்தான். ஒரு மில்லிமீட்டரில் 1000 மைக்ரான். நாம் பயன்படுத்தும் வெள்ளைத்தாளின் பருமன் சுமார் 100 மைக்ரான். அதாவது ஒரு காரின் வண்ணமெல்லாம் ஏறத்தாழ ஒரு தாளின் பருமனில் அடங்கிவிடுகிறது! அதிலும் நாம் தேய்க்கும் கிளியர் கோட் 40 மைக்ரான் அளவினது. மென்மையாக ஒருமுறை மெருகிட்டால் ஓரிரு மைக்ரான் போகும். முரட்டுக் காம்பவுண்டும் கம்பளித் திண்டும் கொண்டு தேய்த்தால் அதைவிடப் பன்மடங்கு போகும். விளிம்புகளில் பூச்சு இயல்பாகவே மெலிந்திருக்கும். பொறியின் அழுத்தமோ அங்கேதான் மிகுதியாக விழும்.

இது எடுக்க மட்டுமே முடிந்த, திரும்பப் போட முடியாத ஒரு சேமிப்புக் கணக்கு. வெயிலின் புறஊதாக் கதிர்களிலிருந்து நிறத்தைக் காப்பதும் இந்த அடுக்கே. ஆதலால் கீறல் முழுவதையும் போக்கியே தீர்வேன் என்று கச்சை கட்டுவது அறிவுடைமையாகாது.

பழைய கார்களில் ஓர் எச்சரிக்கை இருந்தது. 2014இல் உற்பத்தி நின்றுபோன அம்பாசிடர் போன்ற வண்டிகளில், தனியாகக் கிளியர் கோட் இல்லாமல் நிறப்பூச்சே மேலடுக்காக இருந்தவை பல. அவற்றைத் தேய்த்தால் துணியில் வண்டியின் நிறம் ஏறும். ‘பெயிண்ட் போகிறது’ என்று கண்ணுக்குத் தெரியும். கிளியர் கோட் நிறமற்றது. துணியில் ஒன்றும் தெரியாது. போவது தெரியாமலே போய்விடுகிறது. புதிதாகக் கற்பவன் அஞ்ச வேண்டிய இடம் இதுவே.

இங்கு என் தந்தையாரின் தொழிலை நினைத்துக்கொள்கிறேன். பாத்தியில் விளைந்த உப்பைப் பலகையால் வாரும்போது கை சற்று அழுந்தினாலும் அடியிலுள்ள களிமண் கிளம்பி உப்பு கறுத்துவிடும். ‘‘பலகை தரையத் தடவணும், தோண்டக் கூடாது’’ என்பார் அவர். எந்தப் பொறியின் விளக்கப் புத்தகத்திலும் இதைவிடச் சிறந்த பாடத்தை நான் படித்ததில்லை.

முதலில் தண்ணீர்

நம் ஊர்களில் மரத்தைத் தேய்க்கும் தாளுக்கு ‘உப்புத்தாள்’ என்று பெயர். ஆனால் காரைக் கீறுவது உப்பன்று. உப்பு மென்மையானது, மோஸ் அளவையில் அதன் கடினத்தன்மை 2க்குச் சற்று மேல், தண்ணீர் பட்டால் கரைந்துவிடும். உப்போடு ஒட்டிக்கொண்டு வரும் மணல்தான் எதிரி. மணலிலுள்ள குவார்ட்சின் கடினத்தன்மை 7. கடற்காற்றில் வரும் உப்பு ஈரத்தை ஈர்த்துப் பசை போலாகி, மணலையும் தூசியையும் பிடித்துவைக்கிறது. அதன்மேல் உலர்துணியைப் போட்டுத் துடைப்பதும் உப்புத்தாளால் துடைப்பதும் ஒன்றே.

வேதியியல் மாணவர் ஒன்றை அறிவர். காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 விழுக்காட்டைத் தாண்டினால் சோடியம் குளோரைடு காற்றிலுள்ள நீரை உறிஞ்சிக் கரைசலாகிறது. கடற்கரை இரவுகளில் இது எளிதில் நடக்கிறது. மழையே பெய்யாவிட்டாலும் எங்களூர்க் கார்கள் இரவெல்லாம் உப்புநீரில் நனைந்துகொண்டே நிற்கின்றன என்று சொல்லலாம். உப்புக்கரைசல் மின்னைக் கடத்தும். இரும்பு துருப்பிடிப்பது ஒரு மின்வேதி நிகழ்ச்சியாதலால், பூச்சு எங்கே உடைந்திருக்கிறதோ அங்கே துரு விரைகிறது. பூச்சின் அடியிலேயே ஊர்ந்தும் செல்கிறது.

ஆகவே உப்பைத் தின்ற வண்டிக்கு முதலில் தண்ணீர் கொடுக்க வேண்டும். எந்தத் தண்ணீர்? கடலோரத்தில் பல வீடுகளில் ஆழ்குழாய்க் கிணற்று நீரே உவர்நீர். அதில் கழுவிக் காயவிட்டால் வெண்புள்ளிகள்தாம் மிஞ்சும். இங்கே குடிநீர் அருமையானது என்பதையும் மறக்கலாகாது. குழாயைத் திறந்துவிட்டுக் கழுவுவது எனக்கு உடன்பாடன்று. நான் இப்போது மூன்று வாளிகளில் முடித்துக்கொள்கிறேன். ஒன்றில் கார் ஷாம்பு கலந்த நீர். மற்றொன்றில் துணியை அலசும் நீர். மூன்றாவதில் கடைசியாக ஊற்றும் நல்ல தண்ணீர். முதலில் குவளையால் மெல்ல ஊற்றி உப்பையும் மணலையும் இளக்கியபின்னரே துணியால் தொடுவது. மேலிருந்து கீழாகவே கழுவுவது. சக்கர வளைவுகளையும் கதவின் அடிவிளிம்பையும் கைவிட்டுக் கழுவுவது. துணி துவைக்கும் சோப்பைப் பயன்படுத்தாதிருப்பது. உலர்த்துவதற்கு மைக்ரோஃபைபர் துணியை ஒற்றி எடுப்பது. இவ்வளவையும் ஒழுங்காகச் செய்தால், பாதிப் பேருக்குப் பொறியே தேவைப்படாது என்பது என் துணிபு.

பொறியைத் தேர்ந்தெடுத்தல்

அதன்பின்னும் மெருகிட விரும்புவோர் இரண்டு வகைப் பொறிகளைக் காண்பர். ஒன்று, ஓரே அச்சில் சுழலும் ‘ரோட்டரி’. டிங்கர் கடைகளில் நாம் காண்பது பெரும்பாலும் இதுவே. வலிமை மிக்கது, ஓரிடத்தில் நின்றால் சூடேற்றிப் பூச்சைத் தின்றுவிடும். தேர்ந்த கைக்கு நல்ல கருவி. தேராத கைக்கு என் கதைதான்.

மற்றொன்று ‘டியூயல் ஆக்ஷன்’ என்னும் இரட்டை இயக்கப் பொறி. இதன் திண்டு தன்னைத்தானே சுற்றிக்கொண்டு, மையத்திலிருந்து சற்று விலகிய சிறு வட்டத்திலும் சுழல்கிறது. பூமி தானும் சுழன்று சூரியனையும் சுற்றுவது போல. இந்த வகையில் பெரும்பாலான பொறிகளில், கை அதிகமாக அழுத்தினால் திண்டின் சுழற்சி நின்று வெறும் அதிர்வே எஞ்சும். அதனால் தவறு செய்தாலும் சேதம் குறைவு. தொடங்குவோர்க்கு ஏற்றது இதுவே. திண்டைப் பொருத்தும் தட்டின் ஓரத்தில் பேனாவால் ஒரு கோடு போட்டுவைத்தால், அது சுழல்கிறதா நின்றுவிட்டதா என்று எளிதில் கண்டுகொள்ளலாம்.

திண்டுகளில் கம்பளி முரடு. நுரைத்திண்டுகளில் கடினம், மென்மை எனப் பல வகை உண்டு. மெருகுக் குழம்புகளிலும் அவ்வாறே. அவற்றிலுள்ள தேய்க்கும் பொருள் பெரும்பாலும் அலுமினியம் ஆக்சைடு. மாணிக்கக் கல்லும் அடிப்படையில் அதுவே. மென்மையான நுரையும் மெல்லிய குழம்பும் கொண்டே தொடங்க வேண்டும். போதாவிட்டால் மட்டுமே ஒருபடி மேலே செல்லலாம். முரட்டில் தொடங்கியவன் கீழிறங்கி வர வழியில்லை.

தொடங்கும் முறை

முதற்பாடத்தை ஓடும் வண்டியில் படிக்கக் கூடாது. டிங்கர் கடைகளில் நசுங்கிக் கழற்றிப்போட்ட பானெட்டோ கதவோ கிடக்கும். கேட்டு வாங்கி அதில் பழகுக. ஒருமுறை வேண்டுமென்றே பூச்சைத் தேய்த்துத் தகடு தெரியும்வரை பாருங்கள். எவ்வளவு விரைவில் போகிறது என்பதைக் கை அறிந்துகொண்டால் அச்சமும் அடக்கமும் தாமே வரும்.

பின்னர் காருக்கு வரலாம். கழுவி உலர்ந்த பரப்பின்மேல் கையில் மெல்லிய பாலித்தீன் உறை மாட்டித் தடவினால், கண்ணுக்குத் தெரியாத சொரசொரப்பு விரலுக்குத் தெரியும். அதை நீக்க ‘கிளே’ எனப்படும் பிசின் களி விற்கிறது. நன்றாக ஈரப்படுத்தி மெல்ல ஓட்ட வேண்டும். கீழே விழுந்த களியை மீண்டும் தொடக் கூடாது. அதில் மணல் ஏறியிருக்கும். விளிம்புகள், மடிப்புகள், ரப்பர் பட்டைகள் ஆகியவற்றின்மேல் மாஸ்கிங் டேப் ஒட்டிவிடுக.

வேலை நிழலில் நடக்க வேண்டும். தகடு கைக்குக் குளிர்ந்திருக்க வேண்டும். எங்கள் கரையில் முற்பகலே ஏற்றது. நண்பகலையொட்டிக் கடற்காற்று எழுந்துவிட்டால் மணலும் உப்பும் திண்டில் ஏறிவிடும். ஒன்றரை அடிச் சதுரத்தைத் தேர்ந்து, திண்டில் பட்டாணி அளவுத் துளிகள் மூன்று நான்கு இட்டு, பரப்பின்மேல் வைத்தபின்னரே பொறியை ஓடவிடுக. முன்னரே ஓடவிட்டால் குழம்பு சுவரெல்லாம் தெறிக்கும். குறுக்கும் நெடுக்குமாக, வயலில் இருசால் ஓட்டுவது போல, மெதுவாக நான்கைந்து முறை நகர்த்துக. துடைத்துவிட்டு விளக்கொளியில் பார்த்து, அந்த ஒரு சதுரம் மனத்திற்கு நிறைவாக வந்தபின்னரே அடுத்ததற்குச் செல்க. திண்டை அவ்வப்போது தூய்மை செய்க. மின்கம்பி ஈரத்தரையில் கிடக்க வேண்டாம். கண்ணாடியும் முகக்கவசமும் செருப்பும் அணிக.

முடிவில் மெழுகோ வேறு காப்புப்பூச்சோ இடுவது வழக்கம். பெயர்பெற்ற கார்னௌபா மெழுகு பிரேசில் நாட்டுப் பனைவகை ஒன்றின் ஓலையிலிருந்து கிடைப்பது என்றறிந்தபோது, பனை சூழ்ந்த ஊரானாகிய எனக்கு ஒரு மகிழ்ச்சி. ஆனால் மெழுகும் உப்பை நாள்கணக்கில் விட்டுவைக்கலாம் என்பதற்கு உரிமச்சீட்டு அன்று.

ஆடம்பரமா?

‘இதெல்லாம் பணக்காரர் பொழுதுபோக்கு, கலைக் கல்லூரி மாணவனுக்கு ஏன்?’ என்று என் வகுப்புத் தோழன் ஒருவன் கேட்டான். நியாயமான கேள்வி. வெறும் மினுமினுப்புக்காக ஆண்டுக்கு நான்குமுறை தேய்ப்பது ஆடம்பரந்தான், அழிவுங்கூட. ஆனால் வண்டியை நம்பிப் பிழைக்கும் குடும்பத்திற்கு அதன் பூச்சைக் காப்பது ஆடம்பரமன்று.

1914இல் திறக்கப்பட்ட பாம்பன் ரயில் பாலத்தைப் பாருங்கள். கடல் நடுவே உப்புக்காற்றில் நின்ற அந்த இரும்பு, 2022 டிசம்பரில் ரயில் போக்குவரத்து நிறுத்தப்படும் வரையில் நூறாண்டுக்கு மேல் உழைத்தது. அதைக் காத்தது பளபளப்பா? ஓயாத பராமரிப்பும் மறுபூச்சுமே. 2025 ஏப்ரல் 6 அன்று புதிய பாலம் திறக்கப்பட்டது. அதற்கும் அதே கடல், அதே உப்பு. துருவை ஆராய்வதையும் ஒரு பணியாகக் கொண்ட மத்திய மின்வேதியியல் ஆய்வகம் நம் காரைக்குடியில் 1953 முதல் இயங்குகிறது. நாட்டுக்கு அது பெரிய பாலத்தில் உள்ள சிக்கல்; நமக்கு வாசலில் நிற்கும் வண்டியில் உள்ள சிக்கல். இரண்டிற்கும் வேதியியல் ஒன்றே.

மேலும், பாடநூலில் ‘உராய்வு’, ‘மைக்ரான்’, ‘மின்வேதி அரிமானம்’ என்று மனப்பாடம் செய்தபோது பதியாதது, அந்த ஐந்து ரூபாய் அளவுத் துருவைக் கண்டபோது என் நெஞ்சில் பதிந்தது. கையால் செய்யும் தொழிலை இழிவாக எண்ணும் வழக்கம் படித்தவரிடையே இன்னும் உள்ளது. டிங்கர் கடையில் வேலை செய்யும் என் வயதினன் விரல் நுனியால் அறிவதை நான் பட்டம் பெற்றும் அறியேன் என்றால், குறை யாரிடம்?

ஒரு வேண்டுகோள்

எனவே நம் வேதியியல், இயற்பியல் துறையினரிடம் ஒரு வேண்டுகோள். ஒரு சனிக்கிழமை, பழைய கார்க் கதவுகள் நான்கைந்தை வாங்கி வந்து, தேர்ந்த டிங்கர் ஒருவரை அழைத்து, மாணவர்க்கு ஒருநாள் செய்முறைப் பயிற்சி அளிக்கலாமே! பொறி ஒன்றைப் பொதுவில் வாங்கி வைத்தால், ஒவ்வொருவரும் பல ஆயிரம் ரூபாய் செலவிட வேண்டியதில்லை. என்னைப் போல வீட்டு வண்டியில் பாடம் படிக்கவும் வேண்டியதில்லை.

நண்பர்களே! பானெட்டில் முகம் தெரிகிறதா என்று பார்ப்பதற்கு முன், குனிந்து கதவின் அடிவிளிம்பைப் பாருங்கள். பொறியைக் கையிலெடுப்பதற்கு முன் வாளியை எடுங்கள். எடுத்த பொறியால் இயன்ற அளவு குறைவாகத் தேயுங்கள். இரண்டொரு கீறல் மிஞ்சினால் மிஞ்சட்டும்.

இப்போது சித்தப்பாவின் காரை வாரந்தோறும் நான்தான் கழுவுகிறேன். பழைய நுண்கீறல்கள் கதவுகளில் இன்னும் இருக்கின்றன. சென்ற மாதம் ஒரு நாள், ‘‘கதவையும் ஒரு தடவை மெஷின் போட்டுடலாமாடா?’’ என்று அவரே கேட்டார். ‘‘வேணாம் சித்தப்பா, இன்னும் ரெண்டு வருஷம் போகட்டும்’’ என்றேன். அவர் சிரித்துக்கொண்டே சாவியை எடுத்துக்கொண்டு சவாரிக்குப் புறப்பட்டார்.